லீவுப் பட்டியலும் சந்தனம் பூசிய ஸ்பேனரும்

இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே பட்டியலில் எழுத வழி செய்துவிட்டால் தொழிற்சாலையில் சண்டையே இருக்காது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் முட்டாள்தனத்தைத் திருத்த ஆள் இல்லை.

அதுவரை லீவுப் பட்டியல் ஒரு நோட்டில் இருந்தது. பிரஸ் ஷாப் ஃபோர்மேன் எழுதி முடிக்கும்வரை லேத் ஷாப் ஃபோர்மேன் பக்கத்தில் நின்று முறைப்பார். அந்தக் காத்திருப்பை ஒழித்தேன். முதலாளி தோளில் தட்டினார்.

ஆயுத பூஜையன்று காலை, முதலாளி கையெழுத்தோடு பட்டியல் ஒட்டப்பட்டது. மறுநாள் லேத் ஷாப் ஃபோர்மேனின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டியலில் அவர் பெயர் இல்லை. லேத் ஷாப்பில் ஒருவர் பெயரும் இல்லை.

பிரஸ் ஷாப்காரர் அப்போது என் அறையில் இருந்தார். அவரைத் தேடிக்கொண்டு லேத் ஷாப்காரர் அங்கேயே வந்துவிட்டார்.

"இன்னா மாமே, என் பொண்ணு நிச்சயம் உனக்கு வவுத்தெரிச்சலா கீதா? என் பேர தூக்கிட்ட?"

"நான் இன்னாத்துக்குத் தூக்கப் போறேன்? உன்ன சம்பந்தின்னு சொல்லிக்க ஒருத்தன் வரானேன்னு நானே ஆச்சரியத்துல கீறேன்!"

பூஜைக்குச் சந்தனம் பூசி என் அறை வாசலில் அடுக்கியிருந்த ஸ்பேனர்களில் பெரியதை லேத் ஷாப்காரர் எடுத்தார். மெஷின்கள் ஓடாத நாள். பிரஸ் ஷாப்காரரின் தோள் எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அவரும் சும்மா விடவில்லை. நல்ல கையால் எதிரியின் தலைமயிரைப் பிடித்து மானிட்டரில் மோதினார். கீபோர்டெல்லாம் ரத்தம்.

என்னை யாரும் தொடவில்லை. இருந்தும் மேஜைக்கடியில் புகுந்து, பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அந்த இருட்டில்தான் புத்தி வேலை செய்தது. இருவரும் ஒரே நேரத்தில் பட்டியலைத் திறந்திருக்கிறார்கள். லேத் ஷாப்காரர் முதலில் சேமித்தார். பின்னால் சேமித்தவரின் பட்டியல் முழுசாக அதன்மேல் ஏறி, முதல் பட்டியலை விழுங்கிவிட்டது.

பெட்டியின் கைப்பிடி ஓட்டை வழியே பார்த்தேன்; ஸ்பேனர் மறுபடி ஓங்கியது. வாயைத் திறந்தால் அடி எனக்கு. திறக்காவிட்டால் எதிரே ஒரு பிணம்.

"அண்ணாத்தே, விட்டுடு! அவர் தூக்கல! என் புரோகிராம் தூக்கிடுச்சு!"

"எவன்டா அது பொட்டிக்குள்ள?"

காலைப் பிடித்து வெளியே இழுத்தார். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு முஷ்டியாலேயே குத்தினார். அந்த மரியாதை இருந்தது.

பிறகு பலர் சேர்ந்து எழுதும் மென்பொருள் செய்வதே என் பிழைப்பானது. மேடைகளில் முன்னோடி என்கிறார்கள். அன்று நடந்தது இதுதான்: பிரஸ் ஷாப்காரருக்குத் தோள் போனது, எனக்கு மூக்கு. லேத் ஷாப்காரரை அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார்கள். மறுநாள் திருவேற்காட்டில், நெற்றியில் ஏழு தையலோடு, மகளின் நிச்சயத் தாம்பூலத்தை அவரே மாற்றினார்.