படப்பைத் தோட்டத்தில் ஒரு பங்கும் கொசுறும்

கடைக் கத்திரிக்காயில் என்ன மருந்து அடிக்கிறார்களோ என்று என் மனைவி லலிதா புலம்பாத நாள் கிடையாது. அதனால் 2007 ஆடியில், படப்பைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பங்கு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். விதைப்புக்கு முன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினால் பருவம் முடியும்வரை வாரம் ஒரு கூடை காய்கறி. விளைந்தது கூடினாலும் குறைந்தாலும் முப்பது பங்குதாரர்களும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பங்குதான் மீதி இருந்தது.

சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய். மேற்குத் தாம்பரத்தில் படப்பை பஸ் பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டர்தான். முடிச்சூர் தாண்டுவதற்குள் லலிதா பக்கத்து சீட்டு அம்மாவிடம் எங்கள் தெருக் காய்கறி விலையை ஒப்பித்து முடித்திருந்தாள். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. தொப்பி எடுத்துப் போங்கள், எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

தோட்டக்காரர் ஜாகீர் அண்ணன், பம்மலில் தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். காட்டுவதற்கு உழுத மண்ணும் கிணறும் ஒரு கறிவேப்பிலை மரமும்தான் இருந்தன. மண்வாசனையிலேயே நான் விழுந்துவிட்டேன். பணத்தை எடுக்கப்போன என் கையை லலிதா பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரிண்ணா, கூடையோட கொசுறா கறிவேப்பிலை, கொத்தமல்லி தருவீங்கல்ல?"

"இன்னாக்கா நீ! கடைக்காரன் குடுக்கறதுதான் கொசுறு. இங்க நீயும் ஒரு ஓனரு. உனக்குக் கொசுறு குடுக்கணும்னா மீதி இருபத்தொம்போது பேர் கூடைலேர்ந்துதான் எடுக்கணும்."

"ஒரு இணுக்குக்கு இவ்ளோ கணக்கா?"

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் ஒரு தம்பதி வந்து இறங்கி, "பங்கு இருக்குதா சார்?" என்றார்கள். ஓர் இணுக்குக் கறிவேப்பிலைக்காகப் பங்கே கைநழுவப் போகிறது!

"மொதல்ல இவங்க சொல்லட்டும்," என்றார் ஜாகீர் அண்ணன்.

லலிதா ஸ்கூட்டரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "கொசுறு வேணாம். அந்த மரத்துல எனக்கும் பங்கு உண்டுல்ல?"

"முப்பதுல ஒண்ணு கீதுக்கா."

பணத்தைக் கட்டிவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடி பிறந்ததும் போய்விடுங்கள், கூடையைத் தூக்கிவரச் சாக்குப்பை வேண்டும். இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. புரட்டாசியில் கூடை வழிந்தது. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் கீரையும் நாலு கத்திரிக்காயும்தான். முணுமுணுத்தது நான், லலிதா இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் கூடை வாங்கப் போனோம். பங்குதாரர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய காயை வெளியாட்களுக்கு விற்பார்கள். ஜாகீர் அண்ணன் தொழப் போயிருந்ததால் லலிதா தராசைப் பிடித்தாள். அரைக்கிலோ வெண்டைக்காய் வாங்கிய ஓர் அம்மா, "கொசுறா கொஞ்சம் கறிவேப்பிலை போடும்மா," என்றார்.

"மீதி இருபத்தொம்போது பேரைக் கேக்கணுமேம்மா!" என்றாள் லலிதா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு எங்கள் கூடையிலிருந்த கறிவேப்பிலையை அப்படியே எடுத்து அந்த அம்மாவின் பையில் போட்டாள்.

அன்று இரவு எங்கள் வீட்டில் கறிவேப்பிலை இல்லாத ரசம். நன்றாகத்தான் இருந்தது.