சம்பளம் வேண்டாம் என்று வேலை கேட்டவன்

என் மச்சினன் மதுரை ரயிலில் வந்து போடியில் இறங்கிய நாளிலிருந்து, அவன் வந்த சோலி முடிகிறவரைக்கும் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. என் மனைவியின் ஒரே தம்பி. பொட்டிபுரத்தில் என் மாமனார் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன்தான். பி.காம் முடித்துவிட்டு, மதுரையில் வியாபார நிர்வாகம் என்று ஒரு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தான். படிப்பெல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில்தான் வினை. ஏதாவது ஒரு வியாபார நிறுவனத்தில் இரண்டு மாதம் விற்பனைப் பயிற்சி எடுத்து, அங்கிருந்து சர்டிபிகேட் வாங்கி வர வேண்டுமாம். அது இல்லாவிட்டால் அந்த ஒரு வருடப் படிப்பும் செல்லாது. ஊருக்குத் திரும்பி மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

அவன் சும்மா இருந்தான் என்று சொல்ல மாட்டேன். இங்கிலீஷில் டைப் அடித்த விண்ணப்பங்களை ஒரு கட்டு வைத்திருந்தான். சோப்புக் கம்பெனி, தேயிலைக் கம்பெனி, பற்பொடிக் கம்பெனி என்று மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் அனுப்பினான். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒரு கம்பெனி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது. குக்கர் செய்கிற கம்பெனி ஒன்று அவன் கடிதத்தைப் படித்துப் பார்த்ததோ இல்லையோ, தன் விலைப்பட்டியலை அனுப்பி வைத்தது. என் மனைவி அதை ஆர்வமாக வாங்கிப் படம் பார்த்தாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு யோசனை வந்தால் எனக்குத்தான் வேலை வரும்.

"ஏங்க, போடி ஊரே யாவாரம் பண்ணுது. இங்க இல்லாத விற்பனையா? உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துருமா?"

"கேக்கறேன்."

"எப்ப?"

"அவரு நல்லாருக்கற நேரம் பாத்து."

"பாத்துக்கிட்டே இருங்க. எந்தம்பிக்கு நரை விழுகட்டும்."

அவள் சொல்வது எளிது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஏலக்காய்க் கமிஷன் கடையில் சரக்கைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை தைக்கிற வேலை. முதலாளியிடம் நான் பேசியதெல்லாம் "சரிங்கய்யா" என்ற ஒரே பேச்சுதான். யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எனக்கு முதலில் நாக்கு வறளும், அப்புறம் கேட்க வந்ததே மறந்துபோகும். கல்யாண வீட்டில் பந்தியில் ரசம் வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. ஊற்றினால் சாப்பிடுவேன். இப்படிப்பட்டவனைப் பிடித்து, காலேஜ்காரனுக்கு இடம் கேட்டு வா என்றால்?

நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சினனே கிளம்பிவிட்டான்.

"மச்சான், நானே பேசிக்கறேன். நீங்க கூட மட்டும் வாங்க. ஊர்க்காரர் ஒருத்தர் கூட இருந்தா நல்லது."

சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, பையில் பேனாவைச் செருகி, கையில் ஃபைலோடு அவன் முன்னால் நடந்தான். கடைவீதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பத்தடி பின்னால், யாரோ மாதிரி வந்தேன். எங்கள் கடையை மட்டும், முதலாளியை நானே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி ஒதுக்கிவைத்திருந்தேன்.

முதல் கடைக்காரர் பெரியவர். விண்ணப்பத்தைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"மார்க்கெட்டிங்குன்னா என்னப்பு?"

"விக்கிற முறைங்கய்யா. சந்தை எப்படி இருக்கு, வாங்கறவங்க யாரு, அவங்களுக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சுக்கறது."

"வாங்கறவுக யாருன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?"

"கத்துக்குவேங்கய்யா."

"சரி. சம்பளம் என்ன எதிர்பாக்குற?"

"சம்பளம் வேண்டாங்கய்யா. சும்மாவே வேலை செய்யறேன்."

அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வெளியே அடுக்கியிருந்த மூட்டையைப் பார்த்தேன்.

"ஆள் தேவையில்லப்பு. போய்ட்டு வா" என்றார்.

அடுத்த கடையிலும் இதே கதை. அதற்கடுத்த கடையிலும். சம்பளம் என்ற இடம் வரைக்கும் பேச்சு நன்றாகப் போகும். வேண்டாம் என்று அவன் சொன்னதும் முகம் மாறும். ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: "சம்பளம் வேணாம்னு வர்றியே, அப்ப உனக்குச் சம்பளம் குடுக்கறது யாரு?"

அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. ஏலக்காய் வியாபாரத்தில் சரக்கு பெரிதில்லை, எல்லோரிடமும் இருக்கிறது. எந்தத் தோட்டக்காரர் யாருக்குக் கொடுக்கிறார், வடக்கே யார் வாங்குகிறார் என்பதுதான் சொத்து. அதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன், அதுவும் இனாமாக, என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால் பக்கத்துக் கடைக்காரன் அனுப்பிய ஆள் என்றுதானே நினைப்பார்கள்? இது எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தடவை, "மாப்ளே, அந்தச் சம்பளப் பேச்சை..." என்று ஆரம்பித்தேன்.

"அதுதான் மச்சான் நம்ம பலமே. செலவே இல்லாம ஆள் கிடைச்சா யாருக்குக் கசக்கும்?"

நான் மறுபடி பத்தடி பின்தங்கி நடந்தேன்.

கடைசியில் ஒரு சின்னக் கடைக்காரர் இரக்கப்பட்டு, "சரி, இன்னைக்கு உக்காந்து பாரு. நாளைக்கதை நாளைக்கு" என்றார். மச்சினனுக்கு முகமெல்லாம் பல். அன்று எனக்கு எங்கள் கடையில் வேலை. போகும்போது, வாயைத் திறக்காமல் இரு என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதை மத்தியானத்துக்குள் கடைவீதியே எனக்குச் சொல்லிவிட்டது. மலையிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் சரக்கோடு வந்திருக்கிறார். கடைக்காரரும் அவரும் வழக்கம்போல ஒரு துண்டைக் கையில் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியிருக்கிறார்கள். கடையில் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் விலையை வாயால் சொல்லக் கூடாது என்பதற்குத்தானே துண்டே. இருவரும் தலையை ஆட்டிக் கையை எடுத்ததும், என் மச்சினன் பேனாவின் மூடியைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், என்ன விலைக்கு முடிஞ்சுது?" என்று கேட்டிருக்கிறான்.

தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரக்கை மறுபடி ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெல்ட், ஃபைல், பேனா, சம்பளம் வேண்டாம், இப்போது விலையும் கேட்கிறான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த கடைவீதி, இவன் சேல்ஸ் டாக்ஸ் ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் இரண்டு கடைகளில் பாதிக் கதவு சாத்தியாயிற்று. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து, "வாங்க டாக்ஸ் மாப்ளே, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்தான். நான் டீ குடிக்காமலே திரும்பினேன்.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"அது உம் மச்சினனாமே?"

"ஆமாங்கய்யா."

"டாக்ஸ் ஆபீசா?"

"இல்லைங்கய்யா. படிக்கிறான்."

"என்னதான்யா வேணுமாம் அவனுக்கு?"

நான் சர்டிபிகேட் என்றேன். முதலாளி, "இவ்வளவுதானா? எழுதிக் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா ரெண்டு மாசத்துக்கு இந்தக் கடைவீதிப் பக்கம் அவன் தல தெரியக் கூடாது. வெரசா ஊருக்கு அனுப்பு" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நான் கேட்கவே இல்லை, அவரே தந்துவிட்டார். சாயங்காலம் ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மச்சினன் தட்டில் கையை வைத்தபடி கேட்டான். பிறகு, "வேண்டாம் மச்சான்" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"ஒண்ணும் கத்துக்காம கத்துக்கிட்டேன்னு எழுதி வாங்கறதா? நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் அங்க என்ன பண்ணினேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? துரத்திவிட்டாங்கன்னா?"

"டேய், கெடச்சிருச்சுடா!"

"பேப்பர்தான் கெடைச்சிருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். தம்பியைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை என் பக்கம் நீட்டி, "மொதல்லயே நீங்க மொறையாக் கேட்ருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்குமா?" என்றாள். அன்று ராத்திரி ரசம் எனக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் மூட்டை தைக்கும்போது ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டேன். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். கொடுக்கிறேன் என்கிறவர் உள்ளே வராதே என்கிறார். உள்ளே வருகிறேன் என்கிறவன் கொடுப்பதை வாங்க மாட்டேன் என்கிறான். நடுவில் நான். ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தேன். இப்போது நினைத்தாலும் அது நான்தானா என்றிருக்கிறது. நேரே முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"சம்பளம் குடுங்கய்யா."

"தேதி இன்னும் ஆகலயேப்பா."

"எனக்கில்லைங்கய்யா. என் மச்சினனுக்கு."

எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சம்பளம் வேணாம்னுதானய்யா அவன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான்?" என்றார் முதலாளி.

"அதுதாங்கய்யா வம்பே. நீங்க குடுங்க. உங்ககிட்ட வாங்கித் தின்னுட்டா அவன் உங்க ஆளு. அப்புறம் எவன் என்ன பேசுவான்? எங்களுக்குக் குடுக்கற கூலியே குடுங்க. மூட்டை தூக்கச் சொல்லுங்க, மலைக்கு அனுப்புங்க, என்னமோ செய்யுங்க. அவனக் கூட்டிக்கிட்டு இனிமே என்னால தெருத்தெருவா நடக்க முடியாதுங்கய்யா."

அவ்வளவு நீளமாக நான் அந்தக் கடையில் பேசியதே இல்லை. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வேணாங்கறவனுக்குச் சம்பளம் குடுன்னு சண்டைக்கு வர்றவன் நீ ஒருத்தன்தான்யா. நாளைக்கு வரச் சொல்லு. பெல்ட்டைக் கழட்டிட்டு வரச் சொல்லு."

வீட்டில் சொன்னபோது மச்சினன், "ஆனா காலேஜ்ல ஊதியமில்லாத பயிற்சின்னுதான்..." என்று இழுத்தான். என் மனைவி மறுபடி கரண்டியை எடுத்தாள். இந்தத் தடவை அவன் பக்கம்.

முதல் சோலியே மலைக்கு. தோட்டங்களில் சாம்பிள் வாங்கி வர ஜீப்பில் அவனையும் ஏற்றினார்கள். போடிமெட்டு ஏறுவதற்குள் வளைவுக்கு வளைவு வாந்தி. மேலே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஒரு மலையாளத் தோட்டக்காரர் இவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்ரயா சம்பளம்?" இவன் சொன்னான். அவர் உச்சுக்கொட்டி, பாவம் என்று சொல்லி, பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து உட்காரவைத்து, எந்தச் சரக்குக்கு எந்த ஊரில் மவுசு என்று சாயங்காலம்வரை பேசினாராம். விண்ணப்பத்தில் அவன் கேட்டிருந்ததெல்லாம் அதுதான். கடைவீதியிலும் அப்படியே. கூலிக்காரன் என்று ஆனதும் அவனைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தவில்லை. டாக்ஸ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "ஏ டாக்ஸு, அந்தத் தட்டைக் கொண்டா" என்பார்கள். கொண்டு போவான்.

இரண்டாவது மாதம் முடிகிற அன்று முதலாளி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால், ஒரு தோட்டக்காரரோடு விலை பேசும்போது அவனைக் கூப்பிட்டு, தன் இடத்தில் உட்காரவைத்து, "நீ பிடி" என்று துண்டை அவன் கையில் போட்டிருக்கிறார். நான் உள்ளே சலித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. பேரம் படிந்ததாம்.

சாப்பிடும்போது என் மனைவி ஆசையாகக் கேட்டாள். "என்ன விலைக்குடா முடிச்ச?"

மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "அதச் சொல்லக் கூடாதுக்கா."

"எங்கிட்டக் கூடவா?"

"யாருகிட்டயும்."

என்னிடமும் சொல்லவில்லை. அவன் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கடையில் சேர்ந்தவன் நான். என் கையில் அந்தத் துண்டு ஒரு நாளும் விழுந்ததில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பார்களோ என்னவோ. நான் எங்கே கேட்டேன்?