மூன்று நாள் பத்தியம்

1. ஞாயிறு

நாமக்கல்லில் ஒரு சித்த மருத்துவரிடம் பதினெட்டு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அதில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றுதான். சின்னதுகளைச் சொல்லப் போவதில்லை.

டாக்டரின் தாத்தா காலத்திலிருந்தே அந்த வீட்டில் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை கொடுப்பார்கள். ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், மோரில் கலந்து. பிறகு மூன்று நாள் உப்பில்லாப் பத்தியம். வாசல் தாண்டக் கூடாது. என்ன இலை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் பலிக்காதாம். டாக்டர் சித்த மருத்துவத்தில் பிஎச்.டி. முடித்து வந்ததும் இலையின் பெயரைச் சீட்டில் அச்சடித்தார். கைப்பிடி அளவைத் தராசுக்கு மாற்றினார். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் பார்க்காமல் மருந்து கிடையாது என்றார். சொந்தக்காரர்களே அவரைக் கிறுக்கன் என்றார்கள். எனக்கும் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு டாக்டர் வெளியூர் போயிருந்தார். கோழிப்பண்ணை வைத்திருந்த கந்தசாமி, கண்ணெல்லாம் மஞ்சளாக, மனைவி சரசுவோடு வந்தார். ரத்தம் எடுத்தேன். எங்கள் அனலைசர் மெஷின் ரிப்பேர்; வெளி லேபுக்கு அனுப்பினால் ரிசல்ட் திங்கட்கிழமைதான் வரும்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்படிங்க தாங்கும்? குடுத்துடுங்க சாமி" என்றார் சரசு.

பச்சிலைதானே, என்ன ஆகிவிடும் என்று கொடுத்துவிட்டேன்.

2. திங்கள்

ரிசல்ட் வந்தது. காமாலையைக் காட்டும் பிலிரூபின் எகிறியிருந்தது, அதிலும் பித்தம் இறங்க வழியில்லாதபோது ஏறும் டைரக்ட் வகைதான் அதிகம். சரசுவுக்குப் போன் போட்டேன்.

"மலம் என்ன நெறத்துல போகுதுங்க?"

"வெள்ளையாங்க, சுண்ணாம்பாட்டம். காத்தாலயிருந்து குளுருகாச்சல் வேற."

பித்தக் குழாயில் அடைப்பு. சீழ் பிடித்தால் ஆள் தேறுவது கஷ்டம். ஊர் திரும்பியிருந்த டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கார்ல ஏறுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

கந்தசாமி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால் அசையவில்லை.

"பத்தியம் முடியட்டுங்க, புதங்கெழம நானே வாரேன். உங்க தாத்தா மருந்துங்க இது. பாதியில முறிச்சா உசுருக்கு ஆவாது."

டாக்டர் காகிதத்தில் ஈரல், பித்தப்பை, குழாய் எல்லாம் வரைந்து காட்டினார். கந்தசாமி படத்தைப் பார்க்கவே இல்லை. என் கையால் கொடுத்த மருந்து அவரைக் கட்டிப் போட்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். சரசுவிடம், "ஒரு கல்லுப்பு கொண்டாங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்து நின்று, கந்தசாமி நாக்கில் உப்பை வைத்தார்.

"பத்தியம் கட்டுனது எங்க ஊடு. முறிக்கறதும் எங்க ஊடுதானுங்க. இனி ஒண்ணும் ஆவாது. எந்திரிங்கண்ணா."

கந்தசாமி எழுந்து சட்டையைப் போட்டார்.

சேலத்தில் அன்றே எண்டோஸ்கோப்பி மூலம் பித்தக் குழாயை அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எங்களால் ஆகியிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பி வந்ததும் கேஸ் ஷீட்டில், "ரிசல்ட் வருமுன் மருந்து கொடுத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. பிறகு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. மருந்தோடு ஒரு கட்டளையையும் கொடுக்கிறோம். அதை அவிழ்க்க வேண்டிய நேரம் வந்தால், கொடுத்தவர்தான் நேரில் போக வேண்டும்.

கந்தசாமி பிழைத்து வந்து ஊரெல்லாம் சொன்னார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு கிளினிக் வாசலில் கூட்டம். முன்னால் நின்றவர் என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, நாக்குல உப்பு வெச்சே காமாலைய எறக்குவாராமே, அந்த டாக்டருங்களா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆமான்னே சொல்லுங்க. சொல்லிட்டு, மொதல்ல ரத்தம் எடுங்க."