இரவல் புத்தகத்தில் எங்கள் முத்திரை

சென்னை நூலகம் ஒன்று எங்கள் பெங்களூரு கல்லூரி நூலகத்துக்கு இரவல் அனுப்பிய பழைய புத்தகம் அது. புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திப் பழகிய என் கை, அதன் பதினேழாம் பக்கத்திலும் எங்கள் முத்திரையைக் குத்திவிட்டது. அடுத்தவர் சொத்து! புத்தகத்தை டிராயருக்குள் ஒளித்தேன். இனி அவர்கள் எங்களுக்கு எதையுமே தர மாட்டார்கள், என் வேலையும் போய்விடும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தலைமை நூலகரிடம் நீட்டினேன். "மேடம், நம்ம சீல் இதுல குத்திட்டேன்."

அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே எங்கள் பழைய முத்திரை, சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டு, அருகே அவருடைய சுருக்கொப்பத்துடன் இருந்தது.

"கதவைச் சாத்தும்மா," என்றார். "இது போன தடவை இரவல் வந்ததுலேர்ந்து, சென்னைக்காரங்க எப்போ போன் பண்ணிக் கேப்பாங்களோன்னு பன்னெண்டு வருஷமா பயந்துட்டிருக்கேன்."