குரைக்கத் தெரியாத நாய்

சித்தப்பா அதைக் காவலுக்கென்றுதான் வாங்கிவந்தார். பார்க்க ஓநாய் மாதிரி, கண் இரண்டும் நீலம். திருடன் வாசலிலேயே மயங்கி விழுவான் என்றார். பனியில் வண்டி இழுக்கிற ஜாதி, பெயர் ஹஸ்கி. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில், எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில், பால்காரர், கேஸ்காரர் என்று யார் வந்தாலும் ஓடிப்போய் நக்கிக் கொடுத்தது. நடக்கக் கூட்டிப்போனால் அதுதான் சித்தப்பாவைக் கூட்டிப்போனது. கூப்பிட்டால் நன்றாக யோசித்துவிட்டு வராமல் இருந்தது. ஒரு நிமிடம் சும்மா கிடக்காது. தோட்டத்தைத் தோண்டும், சாம்பாரில் முடி உதிர்க்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். குரைக்காமல் ஊளையிட்டதுதான் வினை. சாயங்காலம் கோவில் சங்கு ஊதினால் போதும், கழுத்தைத் தூக்கி ஒரே ஊளை. நாய் ஊளையிட்டால் எமன் வருவான் என்று நம்புகிற தெரு அது. அடுத்த வீட்டு மாமாவோ பக்கவாதத்தில் பேச்சுப் போய், ஆறு மாதமாகப் படுக்கை.

மாமி வந்து நின்றாள். "ஏண்டா, எங்காத்து மாமாவை அனுப்பிவைக்கறதுக்குன்னே இதை வாங்கிண்டு வந்தியா?"

"அதோட பாஷை அதுதான் மாமி. பாவம் அல்லே?"

"எமனுக்கு வழி சொல்லிண்டிருக்கு, பாவமாம்!"

ஒரு வாரத்தில் ஊளை நிற்காவிட்டால் பொன்முடி எஸ்டேட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் எதிரே நாலு காலில் நின்று குரைத்துக் காட்டுவேன். தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். பிறகு ஊளையிடும். ஆறாம் நாள் நான் நன்றாகவே குரைத்தேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் அதைக் காணவில்லை. மதிலடியில் புதுக்குழி. அடுத்த வீட்டுக்கு ஓடினேன். மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது. சங்கு ஊதியது; அது ஊளையிட்டது. கோணிய வாயைத் திறந்து மாமாவும், "ஊ..." என்றார். ஆறு மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் சத்தம். அது விட்ட இடத்தில் அவர் பிடிக்க, இருவருமாக ஒரு கச்சேரி.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாளைக்கும் இதே நேரத்துக்கு அழைச்சிண்டு வா, கேட்டியோ" என்றாள்.

அழவைத்த நாயை யாராவது விருந்துக்கு அழைப்பார்களா? அதைப் பிடித்துக்கொண்டுபோகப் பொன்முடி எஸ்டேட் ஜீப்பை வரவழைத்து அங்கே நிறுத்திவைத்திருப்பாள் என்று தீர்மானித்துக்கொண்டேன். மறுநாள் சங்கு ஊதியபோது, கொல்லைக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மதிலுக்கு அப்பால் மாமி கூச்சத்தோடு, மெல்ல, ஊளையிட்டுப் பார்த்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து, இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.