அத்தையின் வேண்டுதல்

நீல நிறப் பிளாஸ்டிக் பக்கெட்டில் உப்பு போட்ட வெந்நீர், அதற்குள் அத்தையின் இரண்டு கால்கள். பௌர்ணமி என்றாலே எனக்கு நிலாவுக்கு முன்னால் இந்தக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

வேங்கிக்காலில் எனக்கு வேலை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வாடகை வீடு பிடித்துத் தனியாக இருந்தேன். முப்பத்தாறு வயதுக்காரி கல்யாணம் ஆகாமல் தனி வீடு எடுத்ததைக் கேள்விப்பட்டதும் முதலில் குதித்தது கீழ்பென்னாத்தூர் அத்தைதான். குடும்ப மானம் கப்பலேறிவிட்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பினாள். புலம்பிய வாயோடு அடுத்த பௌர்ணமிக்கே ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டில் வந்து இறங்கினாள். பையை வைக்க, குளிக்க, விடிந்ததும் திரும்பி வந்து காலை நீட்ட அது அவ்வளவு தோதாக இருந்தது. பிறகு ஒரு பௌர்ணமியையும் விட்டதில்லை. மலையைச் சுற்றி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்ததும், எனக்கு மாப்பிள்ளை கிடைக்கத்தான் இந்த நடையெல்லாம் என்பாள். என் பெயரைச் சொல்லி இவர்கள் ஜாலியாக ஊர் சுற்றுகிறார்களே என்று எனக்குக் கடுப்பாக இருக்கும். கடுப்போடே காபி போடுவேன்.

அப்படியொரு காலையில்தான் வீட்டுக்காரம்மா வந்தார். வாசலில் நின்றபடியே அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு விட்டதற்குத் தெருவில் ஒரு மாதிரி பேசுகிறார்களாம். 'ஃபேமிலிக்குத்தான் விடுவோம்' என்ற பதிலை எத்தனையோ வாசலில் கேட்டுச் சலித்த பிறகு கிடைத்த வீடு அது. போதாததற்கு அத்தையும் ஆமாம் சாமி போட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அத்தை பக்கெட்டிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை.

"யாரும்மா தனியா இருக்கறது? இத்தினி பேரு ஒக்காந்துனு இருக்கறமே, ஒனக்கு ஆளா தெரியலையா? இது எங்க வூட்டுப் பொண்ணு. பேசறவங்கள எங்கிட்ட அனுப்பு."

கூடத்தில் கால் நீட்டியிருந்த அத்தனை பெண்களும் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். தெருவில் சொன்னதைத்தான் சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று என்னிடம் இழுத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டம்ளர் கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஜோராக இருக்கிறேன். அத்தைக்குத்தான் முட்டிவலி வந்து நடை நின்றுபோனது. கடைசியாக அவள் வந்த பௌர்ணமியன்று, "இந்த தடவையும் மாப்பிள்ளைதானா அத்தை?" என்று சீண்டினேன். மற்றவர்கள் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தாள்.

"அத வுட்டு ரொம்ப நாளாச்சுடி. ஒன்ன இந்த வூட்ட வுட்டு யாரும் கெளப்பக் கூடாதுனுதான் வேண்டிக்கினு வரேன். மாப்ளனு ஒருத்தன் வந்தா, எங்கள எல்லாம் உள்ள வுடுவானோ மாட்டானோ."