தாராவியில் கேட்ட வார்த்தை

தாராவியில் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வருடமாக ஊர்ப் பக்கம் வராதவனை ஒரு தடவையாவது கூட்டிப் போகலாமென்று, இரண்டு நாள் ரயிலில் தனியாகவே வந்தேன். வந்து நான்கு நாளாகியும் கேட்க வாய் வரவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சந்துக்காரர்கள் சாக்கடை தள்ளுகிறார்கள். தம்பியும், எங்கள் ஊர்க்காரனான பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவும் வாயைத்தான் அதிகம் ஓட்டுகிறார்கள்.

"நம்மூர்ல பஸ்ஸ விட்டு எறங்குனா, ஓடக்கரை தாண்டுத வரைக்கும் மூக்கப் பொத்தணும். அங்க எவன்வே போவான்?" என்கிறான் பேச்சிமுத்து.

"இங்க மட்டும் மல்லியப்பூவா மணக்கு? நாம தள்ளுதோம், ஓடுது. அங்க தள்ள வேண்டிய ஆளெல்லாம் இங்கல்லா கெடக்கோம்" என்கிறான் தம்பி.

"அப்ப நீரு போயி தள்ளும்."

"பாரும்வே, இந்தப் பொங்கலுக்கு முலுக்குதான் எனக்கு."

நான் வாசலை விட்டு எழுந்துவிடுகிறேன். "ஏல, பொறந்த ஊருக்கு முழுக்கா போடப் போற?"

தம்பி முழிக்கிறான். பேச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "யக்கா, இந்தில முலுக்குன்னா சொந்த ஊரு. அவன் ஊருக்கு வாறேங்கான்."

"அப்ப ஊருன்னே சொல்ல வேண்டியதானல" என்கிறேன். குரல் எனக்கு அடங்கவில்லை.

தம்பி கிட்டே வருகிறான். கையெல்லாம் சேறு என்பதால் என்னைத் தொடாமல் நிற்கிறான்.

"ஊருக்கு வாறேங்க்கா."

காது கேளாதவள்போல் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன்.